பிள்ளைப்பேறும் புதுவர்ணமும்



தமிழ்நாட்டில் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் காலம் பொங்கல். போகிக்கு முன்னால் ஒட்டடை அடித்து, சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, வாசற்படிக்கு மஞ்சள் இட்டால்தான் தை பிறந்ததாக நமக்குத் தோன்றும். தில்லி, ஜெய்ப்பூர் போன்ற வடபுலத்து ஊர்களில் அந்தக் காலம் தீபாவளி. மழை ஓய்ந்த பின் வீட்டைத் துடைத்து, வர்ணம் பூசி, இலக்குமியை வரவேற்பது அவ்வூரார் மரபு. அவர்களோடு பல்லாண்டுகளாக அடுத்தடுத்து வாழ்ந்து வரும் நம்மவர், இரண்டு மரபுகளையும் தம்முடையனவாக்கிக் கொண்டனர். இவை போதாவென்று மூன்றாவதாக ஒரு காரணமும் சில வீடுகளில் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப் போகிறது என்னும் நற்செய்தியே அது. குழந்தைக்கென்று ஓர் அறையை ஒழுங்கு செய்ய வேண்டும், மங்கிய சுவரைப் புதுப்பிக்க வேண்டும் என்று கணவன் மனைவி இருவரும் ஆசைப்படுவது இயல்பேயாகும்.

அப்போது ஒரு கேள்வி எழுகின்றது. வர்ணத்தின் நெடி வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யுமா? ஊரில் இருந்தால் இதற்கு விடை சொல்லப் பாட்டியும் அத்தையும் இருப்பார்கள். வெளி மாநிலத்தில் தனிக்குடித்தனம் செய்யும் இளம் தம்பதிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அண்டை வீட்டாரைக் கேட்டால், ஒருவர் "அந்த வாசனையே ஆகாது" என்று அச்சுறுத்துவார்; மற்றொருவர் "எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகளும் அப்படித்தான் பிறந்தன" என்று அலட்சியமாகச் சொல்வார். இவ்விரண்டு விடைகளும் முழு உண்மை அல்ல. நாம் தொழிலால் மொழிபெயர்ப்பாளர், வைத்தியர் அல்லோம். எனினும், இது பற்றி வைத்திய நூலோர் ஆராய்ந்து கூறியுள்ளவற்றைத் தொகுத்து, நம் குடும்பங்களின் சூழ்நிலைக்கு ஏற்பச் சொல்ல முற்படுகிறோம். சுருங்கக் கூறின், செய்தி இதுதான்: புது வர்ணத்தின் நெடியைக் காட்டிலும் பழைய வர்ணத்தின் தூள் கொடியது. முன்னதை எச்சரிக்கையால் வெல்லலாம். பின்னது பறக்கும் இடத்தில் கர்ப்பிணி இருக்கவே கூடாது.

முதலில் புது வர்ணத்தை எடுத்துக்கொள்வோம். சுவருக்குப் பூசுவனவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். நீரில் கரைப்பவை ஒரு வகை. சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், இப்போது பெரும்பாலும் பயன்படும் எமல்ஷன் ஆகியவை இதில் அடங்கும். எண்ணெயிலும் தின்னரிலும் கரைப்பவை மற்றொரு வகை. கதவு, ஜன்னல், இரும்புக் கம்பி ஆகியவற்றுக்குப் பூசும் எனாமல், மரத்துக்குப் பூசும் வார்னிஷ் ஆகியவை இதைச் சார்ந்தவை. இரண்டாம் வகையில் நெடி மிகுதி. பூசிய வர்ணம் உலர்கிறது என்கிறோமே, அப்போது என்ன நிகழ்கிறது? வர்ணத்தைக் கரைத்து வைத்திருந்த திரவம் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. அந்த ஆவியை நாம் சுவாசிக்கிறோம். அது நுரையீரல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. தாயின் இரத்தத்தில் கலந்தது நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவையும் எட்டக்கூடும்.

அப்படியானால் ஒருநாள் நெடியை முகர்ந்தாலே ஆபத்தா? இல்லை என்றே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. கனடா நாட்டின் டொராண்டோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1999ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தொழில் காரணமாக இத்தகைய கரைப்பான்களின் ஆவியில் நாள்தோறும் வேலை செய்த 125 கர்ப்பிணிகளையும், அத்தகைய வேலை செய்யாத 125 கர்ப்பிணிகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். முதல் பிரிவில் 13 குழந்தைகளுக்குப் பெரிய அங்கக் குறைகள் காணப்பட்டன. இரண்டாம் பிரிவில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான். வேலைநேரத்தில் நெடியால் உடல் உபாதை தோன்றியவர்களிடமே அக்குறைகள் மிகுதியாகக் காணப்பட்டன என்பது கருதத்தக்கது. இது தொழிலாகச் செய்வோர் நிலை. இனி, வீட்டில் எப்போதாவது வர்ணம் பூசுவோர் நிலையைப் பார்ப்போம். டென்மார்க் நாட்டில் ஏறத்தாழ 19,000 தாய்மார்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கர்ப்ப காலத்தில் தம் வீட்டில் வர்ண நெடிக்கு ஆளானவர்கள். அதனால் அவர்களுடைய சிசுவின் வளர்ச்சி குன்றியதாகக் காணப்படவில்லை. ஆகவே, அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. என்றோ ஒருநாள் முகர்ந்த நெடிக்காகத் தாய்மார்கள் உறக்கம் இழக்க வேண்டியதில்லை. அதற்காக அந்த நெடியிலேயே நாள்தோறும் அமர்ந்திருக்கவும் கூடாது.

முதல் மூன்று மாதங்களில் சிசுவின் இதயம், மூளை, கைகால் முதலிய உறுப்புகள் உருவாகின்றன. ஆதலால் அந்தக் காலத்தில் வர்ண வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. மசக்கையினால் வர்ண நெடி அவர்களுக்குத் தாங்க முடியாததாகவும் இருக்கும். பிற்பகுதியில் பூசியே தீரவேண்டுமானால் நீரில் கரைப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஜன்னல்களைத் திறந்து வைத்து, மின்விசிறியை வெளிப்புறம் காற்றுத் தள்ளும்படி வைக்க வேண்டும். பூசும் அறையில் உண்பதும் நீர் அருந்துவதும் ஆகா. கர்ப்பிணி அந்த அறையில் உறங்கக் கூடாது. எமல்ஷன் ஆனால் இரண்டு மூன்று நாட்களும், எனாமல் ஆனால் நெடி முற்றிலும் அடங்கும் வரையிலும் வேறிடத்தில் படுப்பது நலம். ஏணியில் ஏறுவதும், வர்ண வாளிகளைத் தூக்குவதும் அவர்கள் வேலையல்ல. வயிறு பெருக்கப் பெருக்க உடலின் சமநிலை மாறுகிறது. கால் இடறி விழும் அபாயம் வர்ணத்தின் நெடியினும் பெரிது.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நம் வழக்கம் தமிழ்நாட்டுத் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும். தை மாதத்துத் தில்லியில் ஜன்னலைத் திறக்க யாருக்கும் மனம் வராது. தீபாவளியை ஒட்டியும் அந்நகரில் புகைமூட்டம் சூழ்ந்து, கதவுகள் அடைபட்டிருக்கும். அடைத்த வீட்டில் பூசிய வர்ணத்தின் நெடி வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும். குளிருக்காக மூட்டும் கணப்பின் அருகே தின்னர் டப்பாவைத் திறப்பது தீ விபத்துக்கும் இடமாகும். ஆதலால் வடக்கே உள்ளவர்கள் மாசி, பங்குனி மாதங்களைத் தேர்ந்துகொள்ளலாம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தை விலக்க வேண்டும். ஈரக் காற்றில் வர்ணம் உலர நாளாகும்.

இனி, பழைய வர்ணத்துக்கு வருவோம். இதில் உள்ள தீமைக்குக் காரணம் காரீயம். இந்தச் சொல்லைக் கவனமாகச் சொல்கிறோம். தமிழில் 'ஈயம்' என்று பொதுவாகச் சொல்வது இரு வேறு உலோகங்களைக் குறிக்கும். பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுவதும், இரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயத்தால். வர்ணத்தில் கலந்திருந்தது காரீயம். "எங்கள் பாட்டி ஈயச்சொம்பில்தான் இரசம் வைத்தாள், அவளுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பவர்கள் பெயரொற்றுமையால் மயங்குகிறார்கள். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பின்னது நஞ்சு. உடலில் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லத்தக்க அபாயமற்ற அளவு எதுவும் அதற்குத் தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

வெளி மாநிலத்தில் வாழ்வோருக்கு இன்னொரு மயக்கமும் உண்டு. ஹிந்தியில் காரீயத்துக்கு 'ஸீஸா' என்று பெயர். 'ஷீஷா' என்றால் கண்ணாடி. நம் நாவில் இவ்விரண்டு ஒலிகளும் எளிதில் இடம் மாறிவிடும். "இந்தப் பெயிண்டில் ஷீஷா இருக்கிறதா?" என்று கேட்டால் கடைக்காரர் விழிக்கத்தான் விழிப்பார். 'ஸீஸா ரஹித்', அதாவது காரீயம் நீங்கிய பெயிண்ட் வேண்டும் என்று கேட்கப் பழகிக்கொள்வது பயன் தரும்.

வர்ணத்தில் காரீயம் ஏன் கலந்தார்கள்? நிறம் பளிச்சென்று நிற்கவும், விரைவில் உலரவும், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கவும் அது உதவியது. அதன் தீமை தெரியாமலும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குழந்தைகள் காரணம் தெரியாத நோயால் வருந்தியபோது, லாக்ஹார்ட் கிப்ஸன் என்னும் வைத்தியர் அதன் மூலத்தை 1904ஆம் ஆண்டிலேயே சுட்டிக் காட்டினார். வீட்டுத் தாழ்வாரத்துக் கைப்பிடிக் கம்பிகளில் வர்ணம் வெயிலில் பொடிந்து நின்றது. அதைத் தொட்ட விரல்களைக் குழந்தைகள் வாயில் வைத்தன. நோய் அங்கிருந்து வந்தது. 1921ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், வெள்ளைக் காரீய வர்ணத்தைக் கட்டடங்களின் உட்புறம் பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்றை இயற்றியது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விதிகள் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தல் கூடாது என்பது அவ்விதி. ஆனால் தொழிற்சாலைகளுக்கான பெயிண்ட்டுகளை அது கட்டுப்படுத்துவதில்லை. எனவே, வேலைத்தலத்தில் மீந்த பெயிண்ட் மலிவாகக் கிடைத்தாலும் அதை வீட்டுக் கதவுக்குப் பூசலாகாது.

புதிய டப்பாவைப் பற்றி விதி உண்டு. சுவரில் ஏற்கனவே உள்ளதைப் பற்றி என்ன செய்வது? தில்லியில் லோதி காலனி, ராமகிருஷ்ணபுரம் போன்ற பகுதிகளின் பழைய அரசாங்கக் குடியிருப்புகளிலும், மும்பை மாதுங்காவின் பழைய கட்டடங்களிலும் நம்மவர் பலர் வாழ்ந்திருக்கின்றனர், இன்றும் வாழ்கின்றனர். இத்தகைய பழைய வீடுகளின் கதவு, ஜன்னல்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல காலத்து வர்ணங்கள் படிந்திருக்கலாம். அடியில் உள்ள அடுக்கில் காரீயம் இல்லை என்று யாரும் உறுதி கூற இயலாது. மேலடுக்கு உரியாமல் இருக்கும் வரை அது சும்மா கிடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும், தகட்டால் சுரண்டும்போதும், தீ விளக்கால் சுட்டு உரிக்கும்போதும் அது தூளாகவும் புகையாகவும் எழுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அந்தத் தூள் படுக்கையிலும், தண்ணீர்ப் பானையிலும், சமையல் பாத்திரத்திலும் படிகிறது.

அது கர்ப்பிணியின் உடலில் புகுந்தால் என்ன செய்யும்? காரீயம் உடலில் சுண்ணாம்புச் சத்தின் வேஷம் போட்டுக்கொண்டு எலும்பில் போய்க் குடியேறுகிறது. அங்கே பல்லாண்டுகள் தங்குகிறது. கர்ப்ப காலத்தில் சிசுவின் எலும்பு வளர்வதற்காகத் தாயின் எலும்பு தன் சுண்ணாம்புச் சத்தைக் கொடுக்கிறது. அதனோடு காரீயமும் வெளிப்பட்டு இரத்தத்தில் கலந்து சிசுவை அடைகிறது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடைக்குறைவு ஆகியவற்றுக்கு அது காரணமாகலாம். எல்லாவற்றினும் மேலாக, வளரும் மூளையை அது தாக்குகிறது. அந்தப் பாதிப்பு பிறந்த அன்று தெரியாது. பிள்ளை பள்ளிக்குச் சென்று எழுத்துக் கற்கும்போதுதான் தெரியவரும். இழந்ததைப் பின்னால் முழுவதும் மீட்கவும் இயலாது.

இங்கே தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. மசக்கையில் சிலருக்குச் சாம்பல், மண், சுவர்க் காரை ஆகியவற்றைத் தின்னும் ஆசை தோன்றும். வெட்கத்தால் இதை வெளியில் சொல்ல மாட்டார்கள். பழைய சுவரைச் சுரண்டித் தின்பது காரீயத்தை நேரே உட்கொள்வதற்கு ஒப்பாகலாம். இந்த ஆசை இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. எனவே, மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். சிரிப்பதற்கோ கடிந்துகொள்வதற்கோ இதில் ஒன்றுமில்லை.

சுரண்டியே ஆகவேண்டிய வேலைகளும் உண்டு. அவற்றைச் செய்யும் முறை இது. சுரண்டுமுன் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். உலர்ந்த சுவரில் உப்புத்தாள் போடக் கூடாது. தரையில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, விழும் தூளை அதிலேயே சுருட்டி வெளியேற்ற வேண்டும். பாத்திரம், படுக்கை, தானிய டப்பாக்கள் ஆகியவற்றை முன்னதாகவே அப்புறப்படுத்த வேண்டும். முடிந்தபின் துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மீண்டும் பறக்கும். ஈரத்துணியால் பலமுறை துடைப்பதே சரி. கடைகளில் விற்கும் பெயிண்ட் உரிக்கும் திரவங்களைக் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பயன்படுத்தக் கூடாது. அவற்றுட் சிலவற்றில் உள்ள மெதிலீன் குளோரைடு, உடலுக்குள் சென்று கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவாக மாறும் இயல்புடையது. சுரண்டும் வேலையைக் கணவரே செய்தாலும், குளித்து உடை மாற்றிய பின்பே மனைவியின் அருகில் வரவேண்டும். அந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும்.

இவ்வளவு செய்யும்போதும் கர்ப்பிணி எங்கே இருப்பது? இதற்கு நம் மரபே ஒரு வழி காட்டுகிறது. வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருக்கும்போது புதிதாக வீடு கட்டத் தொடங்குதல் ஆகாது என்பது நம் நாட்டில் பல குடும்பங்களில் வழங்கிவரும் நம்பிக்கை. அதன் தோற்றம் எதுவாயினும், இடிப்பும் தூளும் நிறைந்த இடத்திலிருந்து கர்ப்பிணியை விலக்கி வைக்க அது உதவியது. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அவள் ஊருக்குப் போயிருக்கும் அந்த மாதங்களே இங்கே சுரண்டவும் பூசவும் தகுந்த காலம். ஆனால் குழந்தையோடு அவள் திரும்புவதற்கு முதல் நாள் வரை வேலையை இழுத்தடிக்கக் கூடாது. சில வாரங்களுக்கு முன்பே முடித்து, துடைத்து, காற்றாட விட்டிருக்க வேண்டும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையைத்தான் வாயில் வைக்கும்.

தாய்வீட்டார்க்கும் ஒரு கடிதம் எழுதிவிடுவது நல்லது. தலைப்பிரசவத்துக்கு மகள் வருகிறாள் என்ற மகிழ்ச்சியில் பெற்றோர் அங்கே பழைய வீட்டைச் சுரண்டிப் புதுப்பிக்கத் தொடங்கிவிடுவதுண்டு. இங்கே விலக்கிய தூளுக்கு அங்கே போய் ஆளாகிவிடலாகாதே! அவள் வந்து சேருமுன் முடியுங்கள். இல்லையேல் பேரனையோ பேத்தியையோ கண்டபின் வைத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையோடு தெரிவிக்கலாம். இக்காலத்தில் பெண் ஊருக்குப் போகாமல், தாயார் இரயிலேறி இங்கே வருவதும் பெருகிவிட்டது. அத்தகைய வீடுகளில் சுரண்டும் வேலையைக் குழந்தை பிறப்பதற்கு முன் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே உத்தமம். மிகவும் இன்றியமையாதது என்றால், வேலை முடிந்து துடைத்து எடுக்கும் வரை கர்ப்பிணி உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்கட்டும். வாடகை வீட்டில் இருப்போர், வீட்டுக்காரர் ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, நிலைமையைச் சொல்லி ஒத்திவைக்கும்படி வேண்டலாம்.

நம் வீட்டுப் பெண்ணை அப்புறப்படுத்தினோம். சுவரைச் சுரண்ட வந்திருக்கும் பெண் யார்? வெளியூரிலிருந்து பிழைப்புக்காக வந்து கட்டட வேலை செய்யும் பெண்கள் எல்லா நகரங்களிலும் இருக்கின்றனர். தமிழ்ப் பெண்களும் அவர்களுள் உண்டு. அவர்களுள் ஒருத்தியும் கருவுற்றவளாக இருக்கலாம். கூலி போய்விடுமென்று அதை அவள் சொல்லாமலும் இருக்கலாம். முன்னர்ச் சொன்ன 1921ஆம் ஆண்டு உடன்படிக்கை, தொழில்முறை வர்ண வேலையில் வெள்ளைக் காரீயத்தைக் கையாளுவதிலிருந்து பெண்களை அறவே விலக்கியது. நம்மால் இயன்றது இது: கூலியைக் குறைக்காமல், சுரண்டும் வேலையை விட்டு வேறு வேலை அவளுக்குத் தரும்படி மேஸ்திரியிடம் சொல்லலாம். தண்ணீர் தெளித்தே தேய்க்க வேண்டும் என்று வற்புறுத்தலாம். உண்ணுமுன் கை கழுவச் சோப்பும் நீரும் கொடுக்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

ஏற்கனவே வர்ண வேலை நடந்து முடிந்த வீட்டில் இருப்பவர்கள் இதைக் கேட்டு மனம் கலங்க வேண்டாம். நெடியால் தலைவலியோ மயக்கமோ குமட்டலோ தோன்றினால் உடனே வெளிக் காற்றுக்கு வந்துவிட வேண்டும். நீங்காவிடில் வைத்தியரைக் காண வேண்டும். பழைய வர்ணத்தூளில் பல நாள் இருக்க நேர்ந்தவர்கள் அதை வைத்தியரிடம் சொன்னால், இரத்தத்தில் காரீயத்தின் அளவைச் சோதித்துப் பார்க்க அவர் ஏற்பாடு செய்வார். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டு நீக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உணவில் போதிய அளவு இருந்தால் காரீயம் உடலில் ஏறுவது குறையும். பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியவை நமக்குப் புதியன அல்லவே. வைத்தியர் தரும் மாத்திரைகளையும் தவறாது உட்கொள்ள வேண்டும்.

குழந்தை வருகிறதென்று வீட்டை அழகு செய்ய விரும்புவது அன்பின் அடையாளம். அந்த அன்பு சற்றுப் பொறுத்திருக்கவும் அறிந்திருக்க வேண்டும். துவைத்த துணி, துடைத்த தரை, திறந்த ஜன்னல் ஆகிய மூன்றும் இருந்தால் பிறந்த குழந்தைக்கு அந்த அறை போதும். மங்கிய சுவர் இன்னும் ஓராண்டு மங்கியே இருக்கட்டும். அதனால் யாருக்கும் குறைவில்லை.